ஹவில்தார் வீட்டுக் காது

"காது கேக்காதவர்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் கேக்கற எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொல்றாரேம்மா" என்றார் வரி ஆபீஸ் மணிவேல்.

சமையலறை வாசலில் நின்றிருந்த பச்சையம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள். அது இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. ஆள்காட்டி விரல் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. தரை என்றால் வீடு. இந்த வீட்டில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று மணிவேல் கேட்டதும், மூளையைக் கேட்காமலே விரல் கீழே சுட்டிவிட்டது. ஹவில்தார் ராஜமாணிக்கமும், "மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆனதுல இருந்து இங்கதான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார்.

பச்சையம்மாள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். காரியம் கெட்டுவிட்டிருந்தது.

ராஜமாணிக்கம் பீரங்கிப் படையில் இருந்தவர். எல்லையில் பக்கத்திலேயே வெடித்த ஏதோ ஒன்று அவருடைய இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் திருப்பி அனுப்பியது. ஊருக்கு வந்தவர் அதைத் தெருவில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பாதி விஷயத்தைப் பிடித்துவிடுவார். மீதியை பச்சையம்மாள் கையால் சொல்வாள். விருந்தாளியின் முகமும் தெரிய வேண்டும், புருஷனின் கண்ணிலும் பட வேண்டும். அதற்குச் சமையலறை வாசல்தான் சரியான இடம். டம்ளர் பிடிப்பது போலக் காட்டினால் காபி வேண்டுமா என்று கேள். விரலால் காற்றில் வட்டம் போட்டால் கிரிவலம். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து, இதற்கு மேல் பேசாதே. கடைசியாகச் சொன்னது மட்டும் பட்டாளத்துச் சைகை. மற்றதெல்லாம் அவள் கண்டுபிடித்தது.

தெருவில் அவரை, "மிலிட்டரிக்காரர், பேச்சு கம்மி" என்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வரி ஏறும்வரை. செங்கம் சாலையை ஒட்டிய தெரு அது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்காகத் தெருமுனையில் இரண்டு விடுதியும், வெள்ளைக்காரர்கள் கால் நீட்டி உட்கார ஒரு காபிக் கடையும் வந்தன. தெருவின் மதிப்பு கூடிவிட்டது என்று ஆளுக்கு ஒரு காகிதம் வந்தது. ஓசூரில் வேலையில் இருக்கும் மகன் கலையரசனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வீடியோவில் வந்து, வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள், உங்களைத் தனியாக விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றான். அவன் வாங்கியிருந்தது ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடி. பச்சையம்மாளுக்குக் காலையில் கதவைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். மலை தெரியாத ஊரில் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"வரி குறைஞ்சா இருக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"குறைஞ்சா அப்புறம் பேசலாம்மா" என்றான் மகன். அதை அவள் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டாள்.

வழி காட்டியவர் வேடியப்பன். ராஜமாணிக்கத்தோடு பட்டாளத்தில் இருந்தவர். மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நின்றபோது, வேலையில் உடம்பு கெட்டுப்போன படைவீரர்களுக்கு வீட்டு வரியில் சலுகை இருக்கிறது அண்ணி, காதும் அதில் சேர்த்தி என்றார். பச்சையம்மாளுக்கு அண்ணாமலையாரே வரிசையில் வந்து நின்றது போல இருந்தது. ராஜமாணிக்கம் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுக்கு ஆள் வந்து பாப்பாங்களா?"

"பாக்காம குடுப்பாங்களா?"

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் சோப்பு எடுக்கப் போய்விட்டார்.

கௌரவம், வேறென்ன என்று பச்சையம்மாள் நினைத்தாள். அவள் சண்டை போடவில்லை. காலையும் மாலையும் ரசம் மட்டும் வைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் ஹவில்தார் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

அந்த மனுவுக்குத்தான் இப்போது மணிவேல் வந்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் சூடு பட்டவர்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. போன வருஷம் ஒருத்தர் நடக்க முடியலைன்னு சலுகை வாங்கினாரு. பௌர்ணமிக்குக் கிரிவலம் போறேன், எனக்கு முன்னாடி போறாரு மனுஷன். நான் ஓடியும் புடிக்க முடியல. அதுக்கு எனக்கு மெமோ."

மறுபடி வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த முறை பச்சையம்மாள் வாசலுக்கே வரவில்லை. கையை நம்ப முடியாது என்று இரண்டு கையையும் தோசை மாவுக்குள் விட்டுக்கொண்டு உள்ளேயே நின்றாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கூடம் தெரியும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ராஜமாணிக்கம் ஒரு நாள் கூடத்து நாற்காலிகளையெல்லாம் இடம் மாற்றிப் போட்டிருந்தார். விருந்தாளி நாற்காலி ஜன்னலுக்கு நேர் எதிரே. வருகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும். உதடு பார்க்கத் தோதாகச் செய்துகொண்டார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வெளிச்சம்தான் அன்றைக்குக் குழி பறித்தது. மணிவேல் எந்த ரெஜிமென்ட் என்றார், பதில் வந்தது. பையன் எங்கே என்றார், பதில் வந்தது. வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னதற்குக்கூட, "மோர் குடிக்கறீங்களா சார்?" என்று வந்தது. போதாக்குறைக்கு ராஜமாணிக்கத்தின் இடது கை நாற்காலிக் கையின் மேல் தானாகவே சைகை போட்டுக்கொண்டிருந்தது. தரை. வட்டம். டம்ளர். கொஞ்ச காலமாகவே இந்தப் பழக்கம்தான். அவள் காட்டுவதற்கு முன்னாலேயே அவர் அவளுக்குக் காட்டிவிடுவார். எனக்கே புரிந்துவிட்டது, நீ ஒன்றும் மெனக்கெட வேண்டாம் என்கிற பெருமை.

மணிவேல் மோரைக் குடித்தார். ஒன்றும் எழுதாமல் போனார்.

"இன்னாங்க நீங்க, வாயை மூடிட்டு உக்காந்திருக்கக் கூடாதா?" என்று மாவுக் கையோடு வந்து நின்றாள் பச்சையம்மாள்.

"ஆபீசர் கேக்கறாருமே. பதில் சொல்லாம இருந்தா மரியாதையா?"

"உங்களுக்குக் கேக்கவே கேக்காது. அதைத்தான் காட்டணும்."

"கேக்காததைப் போயி எப்படிமே காட்டறது?"

அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. அன்று முழுக்க யோசித்துவிட்டு அவள் பீரோவிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்தாள். கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டால் வீட்டுக்குள் உதடு என்ன, ஆளே தெரியாது. பழக வேண்டும் என்று இரண்டு நாள் முன்பிருந்தே அவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பட்டாளத்தில் உத்தரவு என்றால் முழு உத்தரவுதான். அவர் பால் வாங்கப் போகும்போதும் அதையே போட்டுக்கொண்டு போனார். பால்காரர் சைக்கிளின் மேல் மோதினார். மாலைக்குள் ஹவில்தாருக்குக் கண் போய்விட்டது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு கீதாஞ்சலி சாத்துக்குடியோடு வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். சாத்துக்குடி இனிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை மணிவேல் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"மனுல காதுன்னு இருக்கு. தெருவுல விசாரிச்சா கண்ணுன்றாங்க. நான் எதைம்மா எழுதறது?"

பதில் சொன்னால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். பச்சையம்மாள் மிளகாய் அரைக்கிற சாக்கில் உள்ளே போய் மிக்சியைப் போட்டாள். மணிவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை மேல் பெரிய சில்வர் தாம்பாளம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ராஜமாணிக்கத்தின் முதுகுப் பக்கம் போய் நின்று, கீழே நழுவ விட்டார்.

ஹவில்தார் சட்டென்று திரும்பி, "பாத்து சார், கால்ல போட்டுக்கப் போறீங்க" என்றார்.

மிக்சியை நிறுத்திவிட்டு வந்த பச்சையம்மாள் கீழே கிடந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். மணிவேல் நடந்ததைச் சொன்னார்.

"நான் என்னம்மா பண்றது" என்று மணிவேல் வருத்தத்தோடு சொன்னார். "ஆஸ்பத்திரியில புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. நானும் கூட வரேன். மெஷின் சொல்றதை எழுதிடறேன். கேக்குதுன்னு மெஷின் சொல்லிடுச்சின்னா, மனுவை மறந்துடுங்க."

அவர் போன பிறகு பச்சையம்மாள் வெகுநேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். வரி போகட்டும். இத்தனை வருஷமாக இவருக்குக் காது கேட்டுக்கொண்டிருந்ததா? கல்யாண வீடுகளிலும் பாங்கிலும் ரேஷன் கடையிலும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதெல்லாம் வேடிக்கையா? அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். ராஜமாணிக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று நிதானமாகப் பேசினாள்.

"உங்க தங்கச்சி எல்லம்மாள் இருக்காளே, அவ மாதிரி கஞ்சம் இந்த ஜில்லாவுலயே கெடையாது. என் கல்யாணத்துக்கு அவ குடுத்த புடவை, அவ வீட்டு ஜன்னல்ல தொங்கினதுதான்."

பேப்பர் அசையவில்லை. தங்கைக்காகப் பெற்ற தாயோடே பேசாமல் இருந்த மனுஷன் அவர். பச்சையம்மாளுக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. முன்னால் வந்து நின்று, தாம்பாளம் விழுந்தது எப்படித் தெரிந்தது என்று கையால் கேட்டாள்.

அவர் செருப்பில்லாத பாதத்தைத் தூக்கிக் காட்டினார். "தரை அதிர்ந்துதுமே. பீரங்கிக்காரனுக்குக் கால்லதான் காது."

ஆஸ்பத்திரிக்குப் போக ராஜமாணிக்கம் இரண்டு முறை தேதி தள்ளினார். முதல் தரம் முட்டி வலி என்றார். அடுத்தது பௌர்ணமி. பௌர்ணமிக்கு ஆட்டோ கிடைக்காது என்பது உண்மைதான். ராத்திரி முழுக்கத் தெருமுனையில் ஜனம் நடந்துகொண்டே இருந்தது. ஆனால் முன்பு மாதிரி இல்லை, இப்போதெல்லாம் கூட்டம் சத்தமே போடுவதில்லை, ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று பச்சையம்மாள் கீதாஞ்சலியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். கீதாஞ்சலிக்கு அன்று தூக்கம் போதவில்லை போலிருக்கிறது, சும்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பௌர்ணமி முடிந்ததும் பச்சையம்மாள் ரசத்துக்குப் புளி ஊறப்போட்டாள். ராஜமாணிக்கம் கிளம்பிவிட்டார்.

காது டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் பெயர் நந்தினி. சின்னப் பெண். மணிவேல் சீட்டு வாங்கப் போயிருந்தபோது, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து ராஜமாணிக்கத்தின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள். யாரும் எழுந்திருக்கவில்லை என்று கிட்ட வந்து பச்சையம்மாளின் தோளைத் தொட்டாள்.

"நாலு தடவை கூப்பிட்டேன்மா."

"நல்லா வாயைத் தொறந்து கூப்புடும்மா. இப்பல்லாம் பொண்ணுங்களுக்குக் குரலே வரமாட்டேங்குது" என்றாள் பச்சையம்மாள், தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. நந்தினி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

உள்ளே, அறைக்குள் இன்னொரு குட்டி அறை இருந்தது. சுவரெல்லாம் மெத்தை. கதவு கோயில் கதவு கனம். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதுவும் இரட்டைக் கண்ணாடி. அந்தக் கதவைச் சாத்திவிட்டால் வெளியே வெடி வெடித்தாலும் உள்ளே கேட்காது, நல்ல காதாக இருந்தாலும் கேட்காது, ஹெட்போனில் வருகிற சத்தம் மட்டும்தான் என்று நந்தினி விளக்கினாள். சத்தம் வந்தால் விரலைத் தூக்க வேண்டும்.

ராஜமாணிக்கம் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நந்தினி வெளியே மெஷினில் பொத்தானை அழுத்தினாள். விரல் எழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி எழுந்தது.

மணிவேல் பேனாவை எடுத்தார். "பாத்தீங்களாம்மா. கேக்குது."

பச்சையம்மாளுக்கு ஓசூர் ஏழாவது மாடியின் ஜன்னல் கண் முன்னால் வந்தது. நந்தினி எழுந்து போனாள். கதவைத் திறந்து, அவருடைய நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள்.

"ஐயா என் கையைப் பாத்துத் தூக்கறாரு சார்" என்றாள்.

அதன்பிறகு அந்த விரல் எழவே இல்லை. நந்தினி பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள், மெஷினில் விளக்குகள் ஏறிக்கொண்டே போயின, ஹவில்தார் சுவரைப் பார்த்தபடி அட்டென்ஷனில் உட்கார்ந்திருந்தார். மணிவேலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ரெண்டு காதும் சுத்தமா போயிருக்கு சார். இவ்வளவு மோசமா இருந்தும் இவரு சமாளிச்சதுதான் ஆச்சரியம்" என்றாள் நந்தினி.

மணிவேல் பச்சையம்மாளைக் கும்பிட்டார். "மன்னிச்சுடுங்கம்மா. இது போதும். இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன். வரியைப் பத்தி இனி கவலைப்படாதீங்க."

பச்சையம்மாளும் அவரைத் திருப்பிக் கும்பிட்டாள். மகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டாள். வெளியே வந்த ராஜமாணிக்கத்துக்குத் தரையைக் காட்டி, உள்ளங்கையை அமர்த்திக் காட்டினாள். வீடு நிலைத்துவிட்டது. அவர் சிரித்தார். சீக்கிரம் கிளம்பலாம் என்று வாசலைக் காட்டினார்.

"அம்மா, வந்ததே வந்தீங்க. நீங்களும் ஒரு நிமிஷம் உள்ள உக்காந்து பாருங்களேன். சும்மாதான்" என்றாள் நந்தினி.

"எனக்கு எதுக்கும்மா? இவருக்கே நான்தான் காது."

"அதுக்குத்தாம்மா. அந்தக் காது எப்படி இருக்குன்னு பாத்துடலாம்."

மணிவேல்கூடச் சிரித்தார். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. "அவளுக்கு ஒண்ணும் வேணாம்" என்று வேகமாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், நந்தினியைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினார். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சைகை எப்படித் தெரியும்? பச்சையம்மாளுக்குத் தெரியும். ஆனால் மனுஷன் எதற்காகப் பதறுகிறார் என்று தெரியவில்லை. ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறார் போல என்று எண்ணி, ஒன்றும் ஆகாது என்று அவருக்குக் கைகாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நந்தினி ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலி பழையபடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பச்சையம்மாள் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அந்தப் பெண் மெஷின் மேல் கையை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். தூசு துடைக்கிறாள் போலிருக்கிறது. எவ்வளவு நேரம்தான் துடைப்பாள்? மணிவேல் மெஷினை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம். ராஜமாணிக்கம் ஜன்னலோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பாளம் விழுந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி நிற்கவில்லை.

மெஷின் ரிப்பேர் என்று அவள் முடிவு செய்தாள். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசித்தபோது, நந்தினி ராஜமாணிக்கத்தின் தோளைத் தொட்டு, தன் முகத்தைப் பார்க்க வைத்து, அவருக்குப் புரிவதற்காக ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து பேசினாள். கோயில் கதவு கனத்துக்குக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு காதிலும் ஹெட்போன் இருந்தது. இருந்தும் அந்தப் பெண் கேட்டது, இத்தனை வருஷமும் எல்லாரும் பேசியது கேட்ட மாதிரியே, ஒரு சொல் விடாமல் பச்சையம்மாளுக்குக் கேட்டது:

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெருவுக்குத் தெரியாம பாத்துக்கிட்டது சரிங்க ஐயா. அம்மாவுக்குக் கேக்காதுன்னு அம்மாவுக்கே தெரியாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"